ஊறல் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்

1996 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. கல்லூரிக்குப் போனதும் வழக்கம்போல முதலில் ஆய்வகத்தின் ஜன்னல்களைத் திறந்தேன். ஸ்டெபிலைசரைப் போட்டு, அதன் முள் நடுவில் வந்து நிற்கும்வரை காத்திருந்தேன். அதற்குப் பிறகுதான், கலந்திருக்கும் சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராஃப் கருவியின் விளக்கைப் போட்டேன். விளக்கு சூடாகி நிலைகொள்ள நேரம் பிடிக்கும். அதற்குள் மெத்தனாலையும் தண்ணீரையும் வடிகட்டி, கரைந்திருந்த காற்றை நீக்கி, தனித்தனிச் சீசாக்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் அன்றைய தேதியை ஒட்டினேன். பாளையங்கோட்டையில் மாசி மாதத்து வெயில் சீக்கிரமே மேஜையை எட்டிவிடும். கருவியின் மேல் வெயில் விழக்கூடாது என்று வீட்டிலிருந்து ஒரு பழைய போர்வையைக் கொண்டுவந்து ஜன்னலுக்குத் திரையாகக் கட்டியிருந்தேன். அது என் கணவருடைய போர்வை. "மிஷினுக்குப் போத்திவிடுத அக்கறைல பாதி எனக்கு இருந்தா போதும்" என்று வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

அன்று பிற்பகல் இரண்டு பேர் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. ஒருவர் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டு விற்கும் அம்மா. மற்றவர் அந்த அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் புழுங்கலரிசி மில் நடத்துபவர். இருவரும் ஒரே கேள்விக்குப் பதில் கேட்டு வருகிறார்கள். அந்தப் பதில் என்னிடம் பாதிதான் இருந்தது.

கேள்வி இதுதான். தைப்பொங்கல் கழிந்ததிலிருந்து அந்த அம்மாவின் அப்பளம் சிவக்கத் தொடங்கியிருந்தது. பிசையும்போது சற்று மங்கலாக இருக்கும் மாவு, வட்டமாக இட்டுக் காயப் போட்டால் காயக் காயச் செம்மண் நிறத்துக்குப் போகும். வாயில் லேசான துவர்ப்பு. கடைக்காரர்கள் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பினார்கள். அந்த அம்மா உளுந்தை மாற்றிப் பார்த்தார், அப்பளக்காரம் என்ற சோடாவை வாங்கும் கடையை மாற்றிப் பார்த்தார், எண்ணெயை மாற்றிப் பார்த்தார். மாற்ற முடியாமல் எஞ்சியது கிணறு மட்டும்தான். கிணறு கெட்டுப்போனது என்றால் அந்த வீட்டில் தொழில் நடக்காது. அவரையும் அவரிடம் வேலை பார்த்த ஏழெட்டுப் பெண்களையும் சேர்த்தே அது பாதிக்கும்.

கிணற்றுச் சுவரை ஒட்டித்தான் மில்லின் வாய்க்கால் ஓடியது. புழுங்கலரிசிக்கு நெல்லை வெந்நீரில் ஊறப் போட்டு, பிறகு அந்தத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். ஊறல் தண்ணீர் என்று அதற்குப் பெயர். தேநீர் நிறத்தில் இருக்கும். மில்லைத் தாண்டிப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் மூக்கைப் பொத்துகிற வாடை. பிசான நெல்லின் அறுவடை தொடங்கி, மில்லில் ஊறல் தொட்டிகள் ஓயாமல் நிரம்பிக் காலியாகிற சமயத்தில்தான் அப்பளமும் சிவந்தது. யாரும் இரண்டையும் முடிச்சுப் போடாமல் இருக்க முடியாது.

மில்காரரை எனக்கு முன்பே தெரியும். ஆற்றோரத்து அரிசி மில்களின் கழிவுநீரில் பீனால் வகைச் சேர்மங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று நான் அளந்துகொண்டிருந்தேன். தேநீரிலும் கொட்டைப்பாக்கிலும் துவர்ப்பைத் தருகிற குடும்பம் அது. கொஞ்சமாக இருந்தால் கெடுதல் இல்லை. தண்ணீரில் மிகுந்தால் மீனுக்கும் பயிருக்கும் ஆகாது. சோடா போன்ற காரம் பட்டால் கருக்கும், சிவக்கும். பல மில்களில் என்னை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இவர் ஒருவர்தான், "உள்ள வாங்க மேடம், எந்தத் தொட்டில வேணும்னாலும் மோந்துக்கிடுங்க" என்றவர். அதனால்தான் ஜனவரிக் கடைசியில் அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"டீச்சரம்மா, இவுக ஊறல் தண்ணி என் கெணத்துல எறங்குதா இல்லியான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் அந்த அம்மா.

"எறங்குதுன்னு மேடம் ஒரு வார்த்தை சொல்லட்டும், மறுநாளே தொட்டியை நிறுத்திருதேன். களத்துல நெல்லு கெடந்தா கெடக்கட்டும்" என்றார் மில்காரர்.

"பெருசா நிறுத்துவாவ! நோம்புக் கஞ்சிக்கு என் அப்பளத்தத்தான கடிக்கிய? இந்த வருசம் செவப்பு அப்பளந்தான் அண்ணாச்சி. பேசாம கடிச்சுக்கிடுங்க."

"அந்தப் பயத்துலதான தங்கச்சி ஒன்னயக் கூட்டிட்டு ஓடியாந்திருக்கேன்."

சண்டைக்காரர்கள் சேர்ந்து ஒரே பஸ்ஸில் வந்து, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசியதை அன்றுதான் பார்த்தேன். ஆனால் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் ஆம் என்றால் அறுவடைக் காலத்தில் மில் நிற்கும். இல்லை என்று தவறாகச் சொன்னால் அந்த அம்மாவின் தொழில் நிற்கும். பழுப்பு நிறச் சீசாக்களைக் கழுவிக் காயவைத்து மூடியோடு கொடுத்தேன். மில் தண்ணீரை நானே போய் எடுத்துக்கொண்டேன். கிணற்றுத் தண்ணீரை அந்த அம்மா எடுத்து அனுப்புவதாக ஏற்பாடு.

சீசா வந்ததும் செய்ய வேண்டிய வேலை எல்லாம் பொறுமையான வேலை. தண்ணீரில் சில துளி அமிலம் விட்டு, எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானோடு பிரிபுனலில் குலுக்கினால் பீனால்கள் தண்ணீரை விட்டு அந்தக் கரைப்பானுக்குப் போய்விடும். அதைப் பிரித்து, ஈரம் நீக்கி, ஆவியாக்கிச் சுருக்கி, ஊசியால் கருவிக்குள் செலுத்த வேண்டும். கருவியின் உள்ளே மெல்லிய பொடி நிரப்பிய குழாய் இருக்கிறது. மாணவிகளுக்கு இதை நான் ரத வீதியை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். ஒரு குடும்பமே ஒன்றாகக் கடைத்தெருவுக்குள் நுழைகிறது. வேடிக்கை பார்க்காதவர் நேராக மறுமுனைக்கு வந்துவிடுவார். வளையல் கடையில் நின்றவர் பிறகு வருவார். பாத்திரக் கடைக்குள் போனவர் எல்லோருக்கும் கடைசியில் வருவார். யார் எப்போது வெளியே வருகிறார் என்பதை வைத்து ஆளைச் சொல்லலாம். ஒவ்வொரு சேர்மம் வெளியே வரும்போதும் பேனா தாளில் ஒரு மலைமுகட்டை வரையும்.

மில் தண்ணீரில் பல முகடுகள். அவற்றில் பெரியவை இரண்டு: கூமாரிக் அமிலம், ஃபெருலிக் அமிலம். உமியிலும் தவிட்டிலும் இருப்பவை. நெல் ஊறினால் இவை வந்தே தீரும். கிணற்றுத் தண்ணீரை ஓட்டினேன். அதே இரண்டு நேரத்தில் அதே இரண்டு முகடுகள். சிறியவைதான், ஆனால் சந்தேகம் இல்லாதவை.

அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. வெளியே வந்த நேரத்தை மட்டும் வைத்து ஒருவரைப் பிடித்துவைப்பது சரியல்ல. அதே நேரத்துக்கு வேறு ஆளும் வரலாம். நிறை நிறமாலை அளவி என்ற இன்னொரு கருவி உண்டு. வாயுக் குரோமட்டோகிராஃபிலிருந்து வரும் சேர்மத்தை எலெக்ட்ரான்களால் உடைத்து, துண்டுகளை எடை பார்க்கிற கருவி. எந்தச் சேர்மம் எப்படி உடையும் என்பது அதற்கு அதற்கென்று உள்ள அடையாளம். எங்கள் ஊர்ப் பக்கம் அது கிடையாது. சென்னையில் என்னோடு படித்த தோழி ஒருத்தி அதில் வேலை பார்த்தாள். சுருக்கிய சாறுகளைச் சின்னக் குப்பிகளில் அடைத்து, பஞ்சு சுற்றி, கூரியரில் அனுப்பியிருந்தேன்.

அவள் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் துறைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டாள். இரைச்சலுக்கு மேல் கத்தினாள்.

"மில் தண்ணில வினைல் குவாயகால் மலை மாதிரி நிக்குதுடி! எத்தில் பீனாலும் இருக்கு. கிணத்துல ரெண்டும் இல்ல. திரும்ப ஓட்டியும் பாத்துட்டேன். சுத்தமா இல்ல!"

"அமிலங்கள்?"

"அது ரெண்டுலயும் இருக்கு. கிணறுன்னு எழுதி அனுப்பியிருக்கியே, அது நிஜமாவே கிணறுதானா? மில் தண்ணி கலந்த மாதிரி தெரியலியே."

ஊறல் வாடை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வினைல் குவாயகாலுக்கு உண்டு. தொட்டியில் நெல் ஊறிப் புளிக்கும்போது நுண்ணுயிர்கள் ஃபெருலிக் அமிலத்தை உடைத்து அதை உண்டாக்கும். மில் தண்ணீர் கிணற்றில் இறங்கியிருந்தால் அமிலம் மட்டும் இறங்கி, வாடை வாய்க்காலிலேயே நின்றுவிடாது. ஆக, மில் இல்லை. அப்படியானால் அந்த இரண்டு அமிலங்களும் கிணற்றுச் சீசாவுக்குள் எங்கிருந்து வந்தன? இதைத்தான் பாதிப் பதில் என்றேன்.

எங்கள் ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டு, மிச்சமிருந்த கிணற்றுத் தண்ணீரைக் குளிர்பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னேன். ஒழுங்கில் எனக்கு அண்ணன் அவர். கழுவிய பிப்பெட்டுகளை உயர வரிசையில் அடுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சீசாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மூடியைத் தட்டிக் காட்டினார்.

"இந்த மூடி நம்ம மூடி மேடம். அன்னைக்கு நீங்க பிராக்டிகல் எக்ஸாம்ல இருந்திய. சீசா வரும்போது மூடி இல்ல. வாழைச்சருகத் திருகி அடச்சுக் கொடுத்துவிட்டிருந்தாவ. பையில படுத்துக்கிட்டே வந்துருக்கு போல, சருகு பூரா நனஞ்சு கெடந்துச்சு. அலங்கோலமா இருக்கேன்னு நாந்தான் எடுத்துப் போட்டுட்டு நல்ல மூடியாப் போட்டேன்."

நான் அந்த மூடியைத் திருகித் திறந்து பார்ப்பதைக் கண்டு அவர் முகம் மாறியது.

"தப்பா மேடம்? எங்க வீட்டுல எண்ணெய்ச் சீசாவுக்கும் அதானே அடைப்பு."

எங்கள் வீட்டிலும் அதுதான். இந்தப் பக்கத்தில் மூடி தொலைந்த எந்தச் சீசாவுக்கும் காய்ந்த வாழை இலைதான் மூடி. திருகிச் செருகினால் சொட்டாது, காசும் இல்லை. அதை ஒரு பொருளாகவே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. "தப்பில்ல அண்ணாச்சி. இப்ப எனக்கு ஒரு சருகு வேணும்" என்றேன்.

அவர் உடனே மடியிலிருந்து, வாழைச்சருகில் கட்டிய தன் மூக்குப்பொடி மட்டையை எடுத்து, பொடியை ஒரு தாளில் கொட்டிவிட்டு, மட்டையை நீட்டினார். அந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்பது எனக்குத் தெரியும். புகையிலையிலும் பீனால்கள் உண்டு, அது உதவாது என்று விளக்கி மறுக்கவேண்டியதாயிற்று. வாசலில் பூ விற்கிற அம்மாவிடம் போய், பூப் பொதியும் வாழைச்சருகைக் கட்டாகவே வாங்கிவந்தார். ஒரு துண்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டு, அதே அமிலம், அதே கரைப்பான், அதே சுருக்கல். ஊசியைச் செலுத்திவிட்டு இருவரும் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றோம். கூமாரிக் வரவேண்டிய இடத்தில் ஒரு முகடு எழுந்தது. ஃபெருலிக் வரவேண்டிய இடத்தில் இன்னொன்று.

"இது நம்ம கெணத்துப் படம்லா!" என்றார் அவர்.

சொன்னபடி பிற்பகலில் அப்பளக்கார அம்மாவும் மில்காரரும் மில் வேனில் வந்தார்கள். மில்காரருக்கு ரம்ஜான் நோன்பு, உதடு காய்ந்திருந்தது. நான் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். சீசாவில் இருந்தது சருகின் சாறு. மில் தண்ணீர் கிணற்றுக்கு வந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று மில்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பி, "ஏன் தங்கச்சி, மேடம் கொடுத்த மூடியை என்ன செஞ்ச?" என்றார்.

"கெணத்துல விழுந்துட்டு. வாளியப் புடிக்கவா மூடியப் புடிக்கவா? ரெண்டு கைதான இருக்கு."

"அப்ப என் மில்லை நிறுத்தப் பாத்தது ஒரு மூடி!"

அந்த அம்மா சிரிக்கவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அண்ணாச்சிக்கு விடிஞ்சுட்டு. எனக்கு? என் மாவு எதுனால செவக்குதுன்னு சொல்லலியே டீச்சரம்மா. கெணறும் இல்ல, மில்லும் இல்லன்னா நான் யார்ட்டப் போய்ச் சண்ட போட?"

நான் மேஜையைப் பார்த்தேன். அந்தச் சருகுக்கட்டு அங்கே கிடந்தது. வீட்டில் வேறு எதற்கெல்லாம் இப்படிச் சருகு அடைப்பீர்கள் என்று கேட்டேன்.

"எதுக்கு அடைக்க மாட்டோம்? நல்லெண்ணெய்ச் சீசா. மண்ணெண்ணெய் டின்னு. வெனிகர் ஒண்ணு கெடக்கு, அதுக்கு. அப்புறம் காரத் தண்ணிச் சா…"

சாடி என்ற சொல் பாதியில் நின்றது. கை முந்தானையை விட்டுவிட்டது.

அப்பளக்காரத்தையும் உப்பையும் முந்தின நாளே தண்ணீரில் கரைத்து, தெளியவைத்து, ஒரு பெரிய பீங்கான் சாடியில் வைத்திருப்பார்கள். மறுநாள் அந்தத் தெளிவை ஊற்றித்தான் உளுந்து மாவைப் பிசைவது. சாடிக்குப் பீங்கான் மூடி இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அது கீழே விழுந்து உடைந்தது. தூசி விழாமல் இருக்கச் சருகைக் கொத்தாகச் சுருட்டி வாயில் அடைத்திருந்தார்கள்.

"சவத்த மூடி!" என்றார் அந்த அம்மா. "அண்ணாச்சி, வண்டிய எடுங்க."

என்னையும் கையைப் பிடித்து வேனில் ஏற்றிவிட்டார். வேன் சேரன்மகாதேவியைத் தாண்டி ஓடியது. அறுத்த வயல்களில் கொக்குகள் நின்றன. கல்லிடைக்குறிச்சி வீட்டில் சாடி சமையற்கட்டின் மூலையில் இருந்தது. உள்ளும் புறமும் தவிட்டு நிறம். அதில் ஊற்றியதன் நிறம் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. பிசையும்போது பெருங்காயத் தண்ணீரும் சேர்வதால், மாவில் தெரிந்த மங்கலும் பெருங்காயத்தின் கணக்கில் போய்விட்டது. வாயில் திணித்திருந்த சருகின் நுனி தண்ணீரில் முங்கி, கறுத்து, கொழகொழவென்று இருந்தது. சாடி வெளிச்சத்துக்கு வரட்டும் என்று அந்த அம்மா அதை முற்றத்துக்குக் கொண்டுபோய், ஒரு வெள்ளைப் பீங்கான் பிஞ்சாணியில் அந்தத் தெளிவைச் சாய்த்தார். பால் கலக்காத கட்டன் சாயாவின் நிறம்.

வெறும் தண்ணீரில் சருகு கொஞ்சம்தான் விடும். காரத் தண்ணீர் அதன் நாரோடு பிணைந்திருக்கும் அமிலங்களையும் அறுத்து வெளியே கொண்டுவந்துவிடும். பிறகு காற்றுப் படப் படச் சிவக்கவும் வைக்கும். இதை விளக்கினேன். அந்த அம்மா கேட்டதாகத் தெரியவில்லை. கிணற்றிலிருந்து புதுத் தண்ணீர் இறைத்து, ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் காரம் கரைத்து, இன்னொரு பிஞ்சாணியில் ஊற்றி, இரண்டையும் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று சாயா. ஒன்று வெறும் தண்ணீர்.

"என் கெணறு நல்ல கெணறு" என்றார். கேள்வியாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது.

"மில் தண்ணி வரலைன்னுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும். ஒழுங்கா மூடுன சீசால இன்னொரு தடவை எடுத்துப் பாத்தாத்தான் முழுசாச் சொல்லுவேன்" என்றேன். பிறகு மில்காரரிடம், "ஒங்க தண்ணி நல்ல தண்ணின்னும் நான் சொல்லல அண்ணாச்சி. இன்னைக்கு எறங்கலன்னா நாளைக்கு எறங்காதுன்னு இல்ல. அந்த வாய்க்காலை இந்தச் சுவர விட்டுத் தள்ளிக் கொண்டுபோகணும்" என்றேன்.

"தள்ளிருவோம் மேடம். சிமெண்டு பூசித் தள்ளிருவோம். தங்கச்சி மூடி போட மறந்தாலும் நான் வாய்க்காலுக்கு மூடி போட்டுருதேன்."

"ஆமா, கொஞ்சம் நேரம் கிடைச்சாப் போதும், என் மூடிக்கு வந்துருவாவ."

அப்போது பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் நேரத்துப் பாங்கு கேட்டது. அவர் சட்டைப் பையில் பேரீச்சம்பழம் வைத்திருந்தார். வேனில் வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கத் திரும்பினார். அந்த அம்மா வாளியை அவர் முன்னால் வைத்து, செம்பில் மொண்டு நீட்டினார்.

"இதக் குடிங்க அண்ணாச்சி."

அவர் பழத்தை வாயிலிட்டு, பிஸ்மில்லா சொல்லி, செம்பை அண்ணாந்து குடித்தார். நிறுத்தாமல் குடித்தார். செம்பை இறக்கி, மீசையைத் துடைத்துக்கொண்டு, "தண்ணிக்கு ஒரு கொறையும் இல்ல" என்றார். அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்ததை நாங்கள் இருவரும் பார்க்காததுபோல இருந்தோம்.

வேன் பாளையங்கோட்டைக்குத் திரும்பத் தயாராக இருந்தது. அந்த அம்மா விடவில்லை. "வெடியக்காலம் மாவு பிசையும்போது நீங்க பக்கத்துல நிக்கணும். செவந்தா யார்ட்டக் கேக்க?" என்றார். மில்லிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "போர்வைதான் போச்சு, ஆளும் போச்சா?" என்றார் என் கணவர். பிறகு, "நல்லபடியா வரட்டும்னு சொல்லு அந்தம்மாட்ட" என்று சேர்த்துக்கொண்டார். சாடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தோம். புதுக் காரத் தண்ணீர் எவர்சில்வர் தூக்குவாளியில், அதற்குரிய மூடியோடு, இரவெல்லாம் தெளிந்தது.

மறுநாள் காலை, வேலைக்கு வரும் பெண்கள் வந்து சேர்வதற்குள், நான் கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்னச் சீசாவை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். முதல் வாளித் தண்ணீரிலேயே சீசாவை அலசி நிரப்ப வேண்டும் என்பது என் எண்ணம். அந்த அம்மா ஏற்கெனவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மொத வாளி என் மாவுக்கு டீச்சரம்மா. ஒங்க சீசாவுக்கு ரெண்டாவது."

சரி என்று நகர்ந்துகொண்டேன். முதல் வாளியை வாங்கி, அவர் உளுந்து மாவின் நடுவில் குழித்த இடத்தில் தெளிந்த காரத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் அவர் சொன்ன அளவுக்கு நானே ஊற்றினேன். பெருங்காயத் தண்ணீரை அன்று வேண்டுமென்றே பிறகு சேர்க்கலாம் என்று தள்ளிவைத்தார். பிசையத் தொடங்கினார். நாங்கள் இருவரும் குனிந்து மாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது மங்காமல் உளுந்தின் நிறத்திலேயே இருந்தது.